ஹைட்ரஜன் கரைந்த குடிநீர்

தண்ணீரில் ஹைட்ரஜன் முன்னமே இருக்கின்றதே, அதில் மீண்டும் ஹைட்ரஜனைச் சேர்ப்பானேன் என்று மாணவர் வினவுவது இயல்பு. தண்ணீரின் மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன் ஆக்ஸிஜனுடன் இறுகப் பிணைந்தது. "ஹைட்ரஜன் நீர்" என்று விற்கப்படுவதிலோ, சோடாவில் கரியமில வாயு இருப்பது போல, ஹைட்ரஜன் வாயு தனித்துக் கரைந்திருக்கின்றது.

உயிரணுக்கள் ஆக்ஸிஜனைக் கொண்டு உணவிலிருந்து சக்தியைப் பெறும்பொழுது, துணையற்ற எலெக்ட்ரானையுடைய சில துணுக்குகளும் தோன்றுகின்றன. இவை ராடிகல்கள் எனப்படும். இவையனைத்தும் பகையல்ல, ஸூப்பராக்ஸைடு என்பதைக் கொண்டு இரத்த வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்கின்றன. ஹைட்ராக்ஸில் என்பதே மிகக் கொடியது. அருகிலுள்ள எதனையும் உடனே சிதைக்கும்.

ஜப்பானின் நிப்பான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஷிகியோ ஓட்டா குழுவினர் 2007-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலிகளின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்துப் பின் திறந்துவிட்டபொழுது, 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சுவாசித்த எலிகளுக்குச் சேதம் குறைந்திருந்தது. ஹைட்ரஜன் ஹைட்ராக்ஸிலை மட்டும் தேர்ந்து தணிக்கின்றது, பயனுள்ள ஸூப்பராக்ஸைடைத் தொடுவதில்லை என்று அவர்கள் கருதினர். கவர்ச்சியான விளக்கந்தான். எனினும் ஹைட்ராக்ஸில், ஹைட்ரஜனைக் காட்டிலும் பற்பல மடங்கு விரைவாகப் புரதங்களோடும் கொழுப்புகளோடும் வினைபுரியும். உடலில் அவை ஏராளம், கரைந்த ஹைட்ரஜனோ சொற்பம். ஆகவே உயிரணுக்களின் சொந்தத் தற்காப்பை ஹைட்ரஜன் தூண்டுகின்றதோ என்ற கோணத்திலும் ஆராய்கின்றனர்.

இதயம் நின்று மீண்டும் இயங்கப்பெற்ற நோயாளிகளிடம் ஜப்பானில் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. திட்டமிட்ட அளவை எட்டுமுன்னரே நிறுத்தப்பட்ட அதில் 73 பேரே சேர்ந்திருந்தனர். ஹைட்ரஜனைச் சுவாசித்தவர்களுள் 90 நாள்களுக்குப் பின் உயிருடனிருந்தோர் மிகுதி. ஆனால் முதன்மை அளவுகோலாகிய மூளையின் செயல்நிலையில் கண்ட வேறுபாடு தற்செயலானதன்று என்று கூற இயலவில்லை. மருத்துவமனையில் வாயுவாகத் தரப்பட்டதன் பயன் இது. குடிநீருக்கு இதைச் சான்றாகக் காட்டுதல் முறையன்று. நீரைப் பற்றிய மனித ஆய்வுகளிற் பெரும்பாலானவை சிலரிடம் சில வாரங்களே நடந்தவை.

சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு லிட்டர் நீரில் 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜனே கரையும். கன அளவில் ஏறத்தாழ 20 கன சென்டிமீட்டர். திறந்து வைத்தால் அதுவும் வெளியேறிவிடும், காய்ச்சினால் விரைவிலேயே. நம் குடலிலுள்ள பாக்டீரியாக்களும் ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. பாற்சர்க்கரை செரியாதவர்களை மருத்துவர் கண்டறிவது, மூச்சில் வெளிவரும் இவ்வாயுவை அளந்துதான்.

கரைந்த இச்சிறு அளவு கேடு செய்வதாகத் தெரியவில்லை. கேடு வேறிடத்தில் உள்ளது. நீரிழிவுக்காரர் ஒருவர் இந்நீரை நம்பி மாத்திரையை நிறுத்தினால், களப்பணியாளர் அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். உப்பு நீரில் மின்சாரம் செலுத்தி வீட்டிலேயே இதனைத் தயாரிக்க முயல்வோருக்கு, நேர்முனையில் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வெளிப்படும் என்பதைச் சொல்லுதல் வேண்டும். வகுப்பறையில் ஹைட்ரஜனைச் சேகரிக்கும் ஆசிரியர் சாளரங்களைத் திறந்து வைத்து, சுடரை அப்பால் வைப்பாராக. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே இவ்வாயு தீப்பற்றும்.