மண்ணைக் காக்கும் படிப்பு



2017-ல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, மணமேல்குடி உட்பட நம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இடம்பெற்றன. அந்தச் சட்டத்தைப் படித்துச் சொல்ல, சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காட, நம் ஜமாஅத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்? பெண்பிள்ளைகளும் சட்டம் படிக்கட்டும்.

2018-ல் கஜா புயலுக்குப் பின் பல நாட்கள் இருளில் கிடந்தோம். பேட்டரியோடு கூடிய சூரிய மின்தகடு அப்போது கைகொடுக்கும். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்த பிள்ளை அதைப் பொருத்தும் தொழிலைப் பயிற்சியில் கற்கலாம். வளைகுடா விசாவுக்குக் கடன் வாங்குமுன் இதையும் யோசியுங்கள்.

பூமி அல்லாஹ் தந்த அமானிதம். படிப்பு விவரம் கேட்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், வழிகாட்டுவோம்.