செக் கையெழுத்தாகும் முன்: ஏஞ்சல் முதலீடு பற்றிய ஏழு நம்பிக்கைகள்

இன்னும் லாபம் பார்க்காத, பல நேரம் விற்பனையே தொடங்காத நிறுவனத்தில் தன் சொந்தப் பணத்தைப் போடுகிறவர் ஏஞ்சல் முதலீட்டாளர். வென்ச்சர் கேபிடல் நிறுவனம் பெரும்பாலும் பிறர் தந்த பணத்தை நிர்வகிக்கிறது. ஏஞ்சல் போட்ட பணம் போனால், போனது அவருடைய சேமிப்பு. அவர் ஏன் தயங்குகிறார், யார் சொன்னால் கேட்கிறார், எதைப் பார்த்துச் சம்மதிக்கிறார் என்பதெல்லாம் இதிலிருந்தே வருகின்றன. ஸ்டார்ட்அப் நிறுவனர்களிடையே உலவும் நம்பிக்கைகளில் பல இந்த அடிப்படையை மறந்தவை.

நம்பிக்கை 1: "ஐடியா பிரமாதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் செக் கிடைத்துவிடும்."

உண்மை: இதற்குச் சாட்சியாகக் கூகுளைக் காட்டுவார்கள். 1998 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஒரு வீட்டுத் திண்ணையில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் தங்கள் தேடுபொறியை இயக்கிக் காட்டினார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ஆண்டி பெக்டல்ஷைம் பார்த்தார், சில கேள்விகள் கேட்டார், 1,00,000 டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். 'கூகுள் இன்க்.' என்ற பெயருக்கு எழுதிய அந்தச் செக்கை உடனே வங்கியில் போட வழியில்லை. அப்படியொரு நிறுவனம் செப்டம்பர் 4 அன்றுதான் பதிவானது.

கதை உண்மை. சொல்பவர்கள் விட்டுவிடுவது அதன் முன்கதையை. அந்த வீடு ஸ்டான்போர்டு பேராசிரியர் டேவிட் செரிட்டனுடையது. செரிட்டனும் பெக்டல்ஷைமும் சேர்ந்து கிரானைட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1996இல் சிஸ்கோவுக்கு விற்றவர்கள். இருவருக்கும் ஒருவர் சொல் மேல் ஒருவருக்கு மதிப்பு இருந்தது. தேடுபொறியும் வெறும் யோசனையாக இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஸ்டான்போர்டு வளாகத்தில் மாணவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒன்று. செக் எழுத ஆனது சில நிமிடம். அந்தத் திண்ணைக்கு வந்து சேர ஆனது சில வருடம்.

நம்பிக்கை 2: "பெரிய பணக்காரர் ஒருவரைப் பிடித்தால் போதும்."

உண்மை: அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ், ஆரம்ப மூலதனமான சுமார் 10 லட்சம் டாலரைத் திரட்ட ஏறக்குறைய 60 பேரைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார். சம்மதித்தவர்கள் இருபதுக்குச் சற்று மேல். ஆளுக்குச் சராசரியாக 50,000 டாலர். ஒரே ஆளின் பெரிய செக்கில் அமேசான் எழவில்லை.

இந்தியாவிலும் ஏஞ்சல்கள் சேர்ந்து முதலீடு செய்வது பழகிவிட்டது. இந்தியன் ஏஞ்சல் நெட்வொர்க் 2006இலும், தி சென்னை ஏஞ்சல்ஸ் அதற்கு அடுத்த ஆண்டிலும் தொடங்கின. ஒரே நிறுவனத்தில் பல உறுப்பினர்கள் சேர்ந்து பணம் போடுவார்கள். துறை தெரிந்த ஒருவர் முன்னின்று விசாரிப்பார். ஆகவே நிறுவனர் முதலில் தேட வேண்டியது அந்த முன்னிற்கும் ஆளை. குளிர்பதனக் கிடங்குக்கு மென்பொருள் செய்கிறவருக்கு, சினிமாவில் சம்பாதித்த கோடீஸ்வரரைவிடச் சரக்குப் போக்குவரத்தில் முப்பது வருடம் கழித்தவர் மேல்.

நம்பிக்கை 3: "ஒருவர் மறுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிட்டது."

உண்மை: ஆப்பிளுக்குப் பணம் கிடைத்த வழியைப் பாருங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் முதலில் போனது, தான் வேலை பார்த்த அடாரி நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்னெலிடம். 50,000 டாலர் போட்டால் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டார். புஷ்னெல் மறுத்தார், ஆனால் முதலீட்டாளர் டான் வேலன்டைனைக் கைகாட்டினார். வேலன்டைனும் அப்போது பணம் போடவில்லை. மைக் மர்குலாவின் பெயரைச் சொன்னார். இன்டெலில் சம்பாதித்து முப்பதுகளிலேயே ஓய்வு பெற்றிருந்த மர்குலா, 1977இல் பங்கும் கடனுமாக 2,50,000 டாலர் தந்து, மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். பிசினஸ் பிளானும் எழுதினார், நிறுவனத்தின் உள்ளே வந்து வேலையும் பார்த்தார்.

மறுத்த இருவரும்தான் வழி காட்டினார்கள். எனவே மறுப்பு வந்ததும் நன்றி சொல்லி எழுந்துவிடாதீர்கள். "எது இருந்திருந்தால் சம்மதித்திருப்பீர்கள்?", "இந்தத் துறையில் யாரிடம் பேசலாம்?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதல் கேள்விக்கான பதிலை ஆறு மாதத்தில் செய்து முடித்தால், அதே நபருக்கு மறுபடி எழுத ஒரு காரணம் இருக்கும்.

நம்பிக்கை 4: "வெற்றி பெற்ற ஏஞ்சல்களின் கணிப்பு தப்பாது."

உண்மை: 2008இல் ஏர்பிஎன்பி நிறுவனர்கள் 15 லட்சம் டாலர் மதிப்பீட்டில் 1,50,000 டாலர் கேட்டார்கள். அறிமுகமான ஏழு முதலீட்டாளர்களில் ஐந்து பேர் மறுத்தார்கள், இருவர் பதிலே போடவில்லை. அந்த மறுப்பு மின்னஞ்சல்களை நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015இல் வெளியிட்டார். மறுத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர்.

சம்மதிப்பவர்களும் அடிக்கடி தோற்கிறார்கள். அமெரிக்க ஏஞ்சல் குழுக்களின் முதலீடுகளை ஆராய்ந்து ராபர்ட் வில்ட்பேங்கும் வாரன் போக்கரும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடிவுக்கு வந்த முதலீடுகளில் 52 சதவீதம் போட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. பத்து மடங்குக்கு மேல் தந்தவை 7 சதவீதம். மொத்த வருமானத்தில் முக்கால் பங்கு அந்த 7 சதவீதத்திலிருந்தே வந்தது. தெரிந்த துறையில், நேரம் செலவழித்து விசாரித்துப் போட்டவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இந்தக் கணக்கில் நிறுவனருக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாதிக்கு மேல் கரையும் என்று தெரிந்தே பணம் போடுகிறவர், மீதியில் ஒன்றாவது பல மடங்கு வளர வேண்டும் என்று பார்ப்பார். வருடம் இருபது சதவீதம் நிதானமாக வளரும் தொழில் நல்ல தொழிலாக இருக்கலாம், ஆனால் அதற்கு வங்கிக் கடன் பொருந்தும். மறுப்பு வந்தால் உங்கள் தொழில் மோசம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய கணக்கில் அது சேரவில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை 5: "ஐடியாவைத் திருடிவிடுவார்கள், முதலில் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்."

உண்மை: மாதத்துக்குப் பல நிறுவனங்களைப் பார்க்கிறவர், ஒரே மாதிரி நான்கு யோசனைகளைக் கேட்டிருப்பார். எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டால் அவரால் அந்தத் துறையில் முதலீடே செய்ய முடியாது. அதனால் முதல் சந்திப்பில் பெரும்பாலானோர் கையெழுத்துப் போட மாட்டார்கள். காக்க வேண்டியதை அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு. நிரல், தயாரிப்புச் சூத்திரம், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை முதல் மின்னஞ்சலில் வேண்டாம். யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கிறோம், இதுவரை யார் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பவை போதும்.

நம்பிக்கை 6: "ஏஞ்சல் வரி இருப்பதால் இந்தியாவில் இதெல்லாம் தலைவலி."

உண்மை: அது பழைய செய்தி. பங்கின் நியாயமான சந்தை மதிப்பைவிட அதிகமாக வந்த தொகையை நிறுவனத்தின் வருமானமாகக் கருதி வரி போடும் பிரிவு 2012 பட்ஜெட்டில் வந்தது. ஸ்டார்ட்அப்கள் பல ஆண்டுகள் அதனுடன் மல்லுக்கட்டின. 2024 ஜூலை பட்ஜெட்டில் எல்லா வகை முதலீட்டாளர்களுக்கும் அது நீக்கப்பட்டது. பங்கு ஒதுக்கீடு, மதிப்பீட்டு அறிக்கை, கம்பெனி பதிவாளரிடம் தாக்கல் போன்ற வேலைகள் இன்னும் உண்டு. பணம் வரும் முன்பே ஒரு நல்ல கம்பெனி செக்ரட்டரியைப் பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை 7: "முதலீடு கிடைத்தால் ஜெயித்த மாதிரி."

உண்மை: கிடைத்திருப்பது அவகாசம், அதற்கு விலை உண்டு. நிறுவனத்தின் மதிப்பு, வரும் பணத்தையும் சேர்த்து 2.5 கோடி ரூபாய் என்று பேசி 50 லட்சம் வாங்கினால், 20 சதவீதம் கைமாறிவிட்டது. முதல் சுற்றிலேயே 40 சதவீதம் கொடுத்துவிட்டால், அடுத்து வருகிற முதலீட்டாளர் நிறுவனர் கையில் மிஞ்சியிருப்பதைப் பார்த்துப் பின்வாங்கக்கூடும். ஏஞ்சல் பணம் வாங்காமலும் பெரிதாகலாம். 1996இல் தொடங்கிய ஸோஹோ, வெளி முதலீடு இல்லாமலேயே உலக நிறுவனமாகியிருக்கிறது.

சரி, எப்படித்தான் அணுகுவது?

கூகுளின் ஆரம்ப ஏஞ்சல்களில் இன்னொருவர் ராம் ஸ்ரீராம். சென்னையில் பிறந்து லயோலா கல்லூரியில் படித்தவர். நெட்ஸ்கேப்பில் பணியாற்றி, ஜங்லீ நிறுவனத்துக்குத் தலைமை தாங்கி, அதை வாங்கிய அமேசானுக்குப் போனவர். பேஜையும் பிரின்னையும் பெசோஸ் சந்தித்தது ஸ்ரீராம் மூலம்தான். பெசோஸும் 1998இலேயே கூகுளில் பணம் போட்டார். சில ஆண்டுகள் முன்பு 60 பேரிடம் ஏறி இறங்கியவர், ஸ்ரீராமின் அறிமுகத்தில் தானே ஏஞ்சல் ஆனார்.

சொந்தப் பணம் போடுகிறவர், வரன் பார்க்கும் வீட்டார் போல, தெரிந்தவர்களிடம் விசாரிக்காமல் நகர மாட்டார். அந்தத் தெரிந்தவர் பெரிய புள்ளியாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஏஞ்சல் ஏற்கெனவே முதலீடு செய்த நிறுவனத்தின் நிறுவனர் பல நேரம் மிகச் சிறந்த வழி. உங்கள் முதல் வாடிக்கையாளர், பழைய மேலாளர், கல்லூரிப் பேராசிரியர், ஆடிட்டர் ஆகியோருக்கும் யாரையாவது தெரிந்திருக்கும். அறிமுகம் கேட்கும்போது, அப்படியே முன்னனுப்பத் தக்க எட்டு வரிக் குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள்: என்ன செய்கிறோம், யாருக்கு, இதுவரை என்ன நடந்திருக்கிறது, எவ்வளவு தேவை, அதை வைத்து எதுவரை போவோம், ஏன் குறிப்பாக உங்களிடம் வருகிறோம்.

யாருமே கிடைக்காவிட்டால் ஏஞ்சல் குழுக்களின் விண்ணப்பப் படிவங்கள் இருக்கின்றன; நேரடி மின்னஞ்சலும் தவறில்லை. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் மட்டும் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். "முதலில் கட்டணம் கட்டுங்கள், முதலீட்டாளரைக் காட்டுகிறேன்" என்பவர்களிடம், இதுவரை யாருக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்டு, அந்த நிறுவனர்களையே கூப்பிட்டு விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.

உங்கள் துறை தெரிந்த பத்து ஏஞ்சல்களின் பெயரை இன்றே எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் யார் சொன்னால் கேட்பார் என்று இன்னொரு பெயரை எழுதுங்கள். அந்த இரண்டாவது பெயர்களில் எத்தனை பேர் உங்கள் வேலையை நேரில் பார்த்திருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை என்றால், பிட்ச் டெக்கை மூடிவைத்துவிட்டு முதலில் அவர்களிடம் போய் வேலையைக் காட்டுங்கள்.