சேற்றுநிலம் தேடி வரும் பறவைகள்

செப்டம்பர் மாதம் பிறந்ததும் கோல சிலாங்கூர் கடலோரத்தில் விருந்தாளிகள் வந்திறங்கத் தொடங்கும். சிவந்த கால்களையுடைய பவளக்காலியும் பலவகை உள்ளான்களும் சைபீரியா முதலிய வடபகுதிகளிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகின்றன. குளிர்காலம் முடிந்ததும் திரும்பிச் செல்கின்றன.

கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றுநிலமே இவற்றின் உணவுக்களம். புழு, நண்டு, சிப்பி ஆகியவற்றை அங்கே குத்தி எடுத்து உண்கின்றன. நாளில் சில மணி நேரமே திறந்திருக்கும் கடை அது! நீர் ஏறியதும் அவை வேறிடம் சென்று காத்திருக்க வேண்டும். காப்பார் மின் நிலையத்தின் சாம்பல் குளங்களில்கூட அவை கூட்டமாக ஓய்வெடுத்ததுண்டு.

புவி வெப்பமடைவதால் கடல்மட்டம் உயர்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் உயர்ந்தது. 2006க்குப் பின் இவ்வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராகக் கூடியது. ஓர் அரிசியின் நீளம்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால், சேற்றுநிலம் ஏறக்குறைய சமதளமானது. நீர் சிறிது உயர்ந்தாலும் பரந்த பகுதி மூழ்கிவிடும்.

முற்காலத்தில் கடல் முன்னேறினால் சேறும் அலையாத்திக் காடும் நிலப்பக்கம் மெல்ல நகர்ந்தன. இன்று வட சிலாங்கூரின் பல இடங்களில் கடலோரமாக மண்கரை எழுப்பப்பட்டுள்ளது. அதற்குப் பின்னால் தென்னை, செம்பனைத் தோட்டங்களும் நெல்வயல்களும் உள்ளன. கரை இல்லாவிட்டால் தோட்டத்து வடிகால்களில் உப்புநீர் புகுந்துவிடும். ஆகவே, அதனைக் குறைகூற இயலாது. எனினும், முன்னால் கடலும் பின்னால் கரையுமாகச் சேற்றுநிலம் நெருக்குண்டு சுருங்கும் நிலையில் இருக்கிறது.

பறவைகள் பிறக்கும் இடத்திலும் சிக்கல் உண்டு. ‘ரெட் நாட்’ என்னும் உள்ளான் இனத்தைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ரஷ்யாவின் வடகோடியில் பனி முன்கூட்டியே உருகுவதால், குஞ்சு பொரிக்கும் வேளையில் பூச்சிகள் குறைந்துவிடுகின்றன. அதனால் குஞ்சுகள் சிறிய உடலும் குட்டை அலகும் கொண்டு வளர்கின்றன. குளிர்காலத்தைக் கழிக்க ஆப்பிரிக்காவின் மௌரித்தானியாவுக்குச் செல்லும் இவற்றுக்கு, அங்கே சேற்றின் ஆழத்திலுள்ள சிப்பிகள் எட்டுவதில்லை, பல மடிகின்றன.

அலையாத்திக் கன்றுகளை நடுவது கடலரிப்பைத் தணிக்கும். ஆயினும், பறவைகள் இரைதேடும் திறந்த சேற்றிலேயே அவற்றை நட்டால் உணவுக்களம் மறைந்துவிடும். எங்கே நடுவது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987இல் அமைந்தது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் தொலைநோக்கியோடு பறவைகளை எண்ணுகின்றனர். அவர்கள் நீர் ஏறும் நேரத்தை அறிந்தே புறப்படுகின்றனர். கடல் வெகுதூரம் வற்றியிருந்தால் பறவைகள் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும்.