பச்சை வளையமும் பழுப்பு நிலக்கரியும்

நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டி எடுத்த பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில துண்டுகளில் மரத்தின் நார் அமைப்பு இன்றும் தெளிவாகத் தெரியும். ஆனால் பச்சை நிறம் மட்டும் எள்ளளவும் இராது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது காடாக நின்றபோது அதன் இலைகள் பச்சையாகத்தானே இருந்திருக்கும்? அந்தப் பச்சை எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு விடை தேடினால் இலை, இரத்தம், பெட்ரோலியம், வினையூக்கி ஆகிய நான்கையும் இணைக்கும் ஒரு சிறிய வளையத்தில் போய் நிற்போம்.

கீரையும் புளியும்

முதலில் சமையலறைக்குச் செல்வோம். கீரையுடன் புளி சேர்த்து வேகவைத்தால் அதன் பசுமை மறைந்து பழுப்புப் படிந்துவிடும். இதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். காரணம் என்ன?

இலைக்கு நிறம் தருவது பச்சையம். பச்சையம்-அ என்னும் வகையின் ஒரு மூலக்கூறில் 55 கார்பன், 72 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன், 4 நைட்ரஜன் அணுக்கள் உண்டு. மக்னீசியமோ ஒன்றே ஒன்றுதான். மொத்தம் 137 அணுக்கள். இவற்றுள் நான்கு நைட்ரஜன் அணுக்களும் ஒரு சதுரத்தின் மூலைகளைப் போல் அமைந்து, நடுவில் உள்ள மக்னீசியத்தைப் பற்றிக் கொண்டிருக்கின்றன. ஓர் உலோக அயனியைச் சுற்றிப் பிற அணுக்கள் இவ்வாறு பிணைந்து நிற்கும் சேர்மத்தை அணைவுச் சேர்மம் என்கிறோம்.

புளியில் உள்ள அமிலம் ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. அவை மக்னீசியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கின்றன. வளையம் உடையவில்லை, உலோகம் மட்டுமே போய்விட்டது. அதனாலேயே நிறமும் மாறிவிட்டது.

சதுப்பு நிலத்தில் வீழ்ந்த இலைகளுக்கும் முதலில் நேர்ந்தது இதுவே. அங்குள்ள நீரும் அமிலத் தன்மை உடையதே.

போர்பிரின் என்னும் கூடு

நான்கு பைரோல் வளையங்கள் கைகோத்து ஆக்கிய இந்தப் பெரிய வளையத்தின் குடும்பப் பெயர் போர்பிரின். பச்சையத்தில் இருப்பது இதன் சற்றே மாறிய வடிவம். நமது இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்பதும் போர்பிரினே. ஆனால் அதன் நடுவில் மக்னீசியத்துக்குப் பதில் இரும்பு உள்ளது.

பச்சையத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர் 1915-ல் நோபல் பரிசு பெற்றார். ஹீம், பச்சையம் இரண்டின் அமைப்பையும் ஆராய்ந்த ஹான்ஸ் பிஷர் 1930-ல் அப்பரிசைப் பெற்றார். இலையின் பச்சையும் இரத்தத்தின் சிவப்பும் உறவினர் என்பது இவர்கள் போன்றோரின் உழைப்பால் உறுதியாயிற்று.

மண்ணுக்குள் மாறிய உலோகம்

மியூனிக் நகரில் பிஷரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்பிரட் டிரைப்ஸ் 1934-ல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். பெட்ரோலியத்திலும் பாறைகளிலும் போர்பிரின்கள் இருக்கின்றன என்பதே அது. மக்னீசியம் போன பின் காலியாக நின்ற கூட்டில் வனேடியம், நிக்கல் ஆகிய உலோகங்கள் குடியேறியிருந்தன. பெட்ரோலியம் உயிர்ப் பொருள்களிலிருந்து தோன்றியது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. 1980-ல் பானட், செக்கோவ்ஸ்கி என்னும் இரு வேதியியலார் நிலக்கரியில் காலியம் புகுந்த போர்பிரினைக் கண்டனர்.

எனவே புதைந்த காட்டின் பச்சை முழுதும் அழிந்து போவதில்லை. பெரும்பகுதி சிதைந்தாலும், சிறிதளவு வளையங்கள் உலோகத்தை மாற்றிக்கொண்டு மண்ணுக்குள் நிலைத்திருக்கின்றன. போர்பிரின் வளையம் அவ்வளவு உறுதியானது.

ஒரே ஹீம், மூன்று வேலைகள்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். நமது உடலில் ஒரே வகை ஹீம், மூன்று புரதங்களில் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது.

ஹீமோகுளோபினில் அது ஆக்சிஜனைச் சுமந்து சென்று இறக்கிவிடுகிறது. காட்டலேஸ் என்னும் நொதியில் ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. ஈரலில் மிகுதியாக உள்ள சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதியில், ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளந்து ஓர் அணுவை மருந்து போன்ற பொருள்களில் பொருத்துகிறது. மற்ற அணு நீராகிறது.

இரும்பும் ஒன்றே, வளையமும் ஒன்றே. பிறகு வேலை எப்படி மாறுகிறது? இரும்புக்கு ஆறு கைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கைகள் வளையத்தின் நைட்ரஜன்களைப் பிடித்துள்ளன. ஐந்தாவது கை புரதத்தைப் பற்றுகிறது. ஹீமோகுளோபினில் அது பற்றுவது ஒரு நைட்ரஜனை. காட்டலேஸில் ஓர் ஆக்சிஜனை. பி-450-ல் ஒரு கந்தகத்தை. ஆறாவது கைதான் வேலை செய்யும் கை. ஐந்தாவது கை எதைப் பிடித்திருக்கிறது என்பதும், சுற்றியுள்ள புரதம் எத்தகைய அறையை அமைத்திருக்கிறது என்பதும் ஆறாவது கையின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

கூட்டின் பலன் எவ்வளவு? மெல்வின் கால்வின் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் ஒப்பீடு தந்தார். வெறும் இரும்பு அயனியும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரிக்கும்; ஆனால் மிக மெதுவாக. இரும்பைப் போர்பிரினில் வைத்தால் வேகம் ஏறத்தாழ 1,000 மடங்காகும். அதையே காட்டலேஸ் புரதத்துக்குள் வைத்தால் மேலும் 1 கோடி மடங்காகும்!

கொதிகலனும் ஈரலும்

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் கொதிகலன்களில் நடந்தது ஆக்சிஜனேற்றம். ஈரலின் பி-450 செய்வதும் ஆக்சிஜனேற்றமே. கொதிகலனில் ஆயிரம் டிகிரி அளவிலான வெப்பத்தில் கார்பன் முழுதும் கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. ஈரலிலோ 37 டிகிரியில், பல அணுக்களுக்கிடையே குறித்த ஓர் இடத்தில் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு அமர்கிறது. முன்னது வெப்பம் பெற உதவும். புதுப் பொருள் ஆக்கவோ பின்னதுதான் வேண்டும்.

நெய்வேலியில் 1966-ல் உற்பத்தி தொடங்கிய யூரியா ஆலை இப்போது இயங்குவதில்லை. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவைத் தொழிற்சாலைகளில் செய்யும் வினையூக்கியும் இரும்பே. ஆனால் அதற்கு 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. இரும்பை நல்ல கூட்டில் வைத்துக் குறைந்த வெப்பத்தில் வேலை வாங்க முடியாதா என்பதே போர்பிரின் வேதியியலாரைத் தூண்டும் கேள்வி.

ஆய்வுக்கூடத்தில் செய்த கூடு

இயற்கையின் கூட்டைப் போலவே செய்ய முதலில் எளிய வழி வேண்டும். 1935-ல் ராத்மண்ட் பைரோலையும் ஆல்டிஹைடையும் சேர்த்து போர்பிரினை ஆக்கினார்; கிடைத்த அளவு மிகச் சொற்பம். 1967-ல் ஆட்லர், லாங்கோ முதலியோர் பைரோலையும் பென்சால்டிஹைடையும் புரோப்பியானிக் அமிலத்தில் அரைமணி நேரம் கொதிக்க வைத்தனர். அழகிய ஊதாநிறப் படிகங்கள் கிடைத்தன. இப்போது கல்லூரி மாணவரும் இதைச் செய்யலாம்.

1979-ல் ஜான் கிரோவ்ஸ் இத்தகைய இரும்புப் போர்பிரினைக் கொண்டு, பி-450 செய்வது போல ஹைட்ரோகார்பனில் ஆக்சிஜனைப் புகுத்திக் காட்டினார். ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. புரதத்தின் காவல் இல்லாததால் வினையூக்கி தன்னைத்தானே ஆக்சிஜனேற்றம் செய்து அழித்துக்கொண்டது! வளையத்தின் ஓரங்களில் குளோரின், புளோரின் அணுக்களைக் கட்டியபோது ஆயுள் கூடியது. ஆயுள், வேகம், துல்லியம் மூன்றையும் ஒருசேரப் பெறுவதே வினையூக்கி ஆய்வின் போராட்டம்.

நம் நாட்டிலும் இத்துறை செழித்துள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தனபால், கிருஷ்ணன் இருவரும் 1982-ல் கிரீடம் போன்ற ஈதர் வளையங்களை ஒட்டிய போர்பிரின்களைச் செய்தனர். பொட்டாசியம் அயனியைச் சேர்த்தால் இரண்டு போர்பிரின்கள் முகத்தோடு முகம் இணைந்தன.

செய்து பாருங்கள்

1. கீரை இலைகளைக் கசக்கிச் சாராயத்தில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சாற்றை இறக்குங்கள். சாராயம் எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்போ விளக்கோ கூடாது. வடித்த சாற்றில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். பச்சை மங்கிப் பழுப்பாகும். பின் ஒரு சிறு மயில்துத்தப் படிகமிட்டு வெந்நீரில் மீண்டும் வையுங்கள். பளிச்சென்ற பச்சை திரும்பும். மக்னீசியம் இருந்த இடத்தில் தாமிரம் அமர்ந்துவிட்டது. மயில்துத்தம் நஞ்சு, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்க.

2. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றையும், வேகவைத்து ஆறவைத்த துண்டு ஒன்றையும் தனித்தனியே இடுங்கள். எதில் குமிழி பொங்குகிறது?

சிந்தியுங்கள்: வேகவைத்ததால் இரும்பு எங்கும் போய்விடவில்லை. அப்படியானால் எது கெட்டது? இரண்டாம் சோதனையில் அமிலம் விட்ட துண்டு ஒன்றையும் சேர்த்தால் என்ன ஆகும்? செய்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.