வைக்கோலிலிருந்து எழும் வாயு: மலேசியாவும் தாய்லாந்தும்

ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதைத் தோட்டப்புற அன்பர்கள் நன்கறிவர். நிரைகளுக்கிடையே உதிர்ந்து கிடக்கும் சருகு, மழை பெய்ததும் மட்கி மண்ணோடு மண்ணாகிறது. அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி மண்ணில் சேர்ந்து மரத்திற்கே மீண்டும் உணவாகிறது. மிகச் சிறிய ஒரு பகுதி மட்டும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களால் வாயுவாக மாற்றப்பட்டு மேலே போய்விடுகிறது. அதுவே நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவர்கள் வலி தெரியாதிருக்கக் கொடுக்கும் 'சிரிப்பூட்டும் வாயு'வும் இதுதான்.

ஆனால் காற்றில் கலந்துவிட்டால் இது சிரிப்புக்குரிய பொருளன்று. ஏறத்தாழ 110 ஆண்டுகள் வானில் நிலைத்திருக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆகவே உலக நாடுகள் தத்தம் நிலங்களிலிருந்து எழும் இவ்வாயுவைக் கணக்கிட்டு அறிக்கை தருகின்றன. அக்கணக்கில் 'பயிர்க் கழிவு' என்றொரு வரி உண்டு. அறுவடைக்குப் பின் நிலத்தில் எஞ்சும் தாள், தட்டை, வேர் ஆகியவற்றைக் குறிப்பது அது. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துப் பார்த்தால், தாய்லாந்தின் தொகை நம் நாட்டுத் தொகையைவிடப் பன்மடங்கு பெரியது. அதனால் நாம் தூயவர்கள், அவர்கள் மாசு செய்வோர் என்று முடிவு கட்டிவிடலாமா?

முதலில் நிலப்பரப்பை நோக்குவோம். தாய்லாந்தில் ஆண்டுதோறும் நெல் அறுவடையாகும் பரப்பு ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டர். மலேசியாவில் அது 6 முதல் 7 இலட்சம் ஹெக்டரே. பெரிய வீட்டில் குப்பை மிகுதியாகத்தான் இருக்கும். எனவே ஒரு ஹெக்டருக்கு எவ்வளவு என்று கேட்பதே முறை.

நாட்டின் அறிக்கைக்காக ஒவ்வொரு வயலிலும் நின்று வாயுவை அளப்பதில்லை. கணக்குப் போட்டே கண்டறிகின்றனர். பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழு 2006-ஆம் ஆண்டில் அதற்கு வழிமுறை வகுத்தது. அதன்படி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹெக்டருக்கு 3 டன் நெல் விளையும் தாய்லாந்து வயலில் ஏறத்தாழ 5 டன் உலர்ந்த வைக்கோல் எஞ்சும். டன்னுக்கு 7 கிலோ வீதம் அதில் 35 கிலோ தழைச்சத்து உண்டு. நீர் தேங்கிய வயலில் ஆயிரத்தில் 3 பங்கு தழைச்சத்துதான் இவ்வாயுவாக மாறுகிறது. அதாவது 105 கிராம். அத்துடன் சேரும் பிராணவாயுவின் எடையையும் கூட்டினால் 165 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. நம் நாட்டில் ஹெக்டருக்குச் சுமார் 3½ டன் விளைகிறது. வைக்கோலும் சற்று மிகுதி. ஆகவே இங்கே ஏறத்தாழ 180 கிராம். பார்த்தீர்களா? மொத்தத்தில் சிறியவராகிய நாம் ஹெக்டர் கணக்கில் சற்றுப் பெரியவராகிவிட்டோம்.

நீர் தேங்கிய வயலில் ஏன் இவ்வளவு குறைவு என்று வினவலாம். அங்கே பிராணவாயு இல்லாமையால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை நைட்ரஸ் ஆக்சைடோடு நிறுத்தாமல், தீங்கற்ற நைட்ரஜனாகவே முழுமையாக மாற்றிவிடுகின்றன. மேட்டு நிலத்தில் அப்படியன்று. அங்கே நூற்றுக்கு 1 பங்கு என்பது 2006-ஆம் ஆண்டு வழிமுறை. தாய்லாந்தின் வடபகுதி மலைச்சரிவுகளில் மக்காச்சோளம் பெருமளவு விளைகிறது. நம் நாட்டில் அது மிகக் குறைவு. இது உண்மையான வேறுபாடுதான். (நீர் தேங்கிய வயலில் வைக்கோலை உழுது புதைத்தால் மீத்தேன் என்னும் வேறொரு வாயு மிகுகிறது. அதன் கதை தனி.)

அடுத்தது தீ. எரிக்கப்பட்ட வைக்கோல் மண்ணுக்குத் திரும்புவதில்லையாதலால் 'பயிர்க் கழிவு' வரியிலிருந்து கழிக்கப்படுகிறது. வரியில் தொகை குறையும். ஆனால் வாயு குறைந்ததா? மேற்கூறிய 5 டன் வைக்கோலில் 4 டன் எரிந்தால், புகையிலேயே 280 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு எழும் என்கிறது அதே வழிமுறை. அத்தொகை 'எரிப்பு' என்னும் மற்றொரு வரியில் போய் அமர்ந்துகொள்கிறது. தாய்லாந்தில் வைக்கோலும் கரும்புத் தோகையும் எரிக்கப்படுவது பெருஞ்சிக்கல். நம் நாட்டிலோ திறந்தவெளி எரிப்புக்குச் சட்டத் தடை உண்டு. இருந்தும் அறுவடை முடிந்ததும் கெடா வயல்வெளிகளில் புகை எழுவதைக் கண்டோர் பலர்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். ஐக்கிய நாட்டு உணவு, விவசாய நிறுவனம் நாடுகளுக்கிடையே ஒப்பிட்டு வெளியிடும் பயிர்க் கழிவுக் கணக்கில் நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா, உருளைக்கிழங்கு போன்றவையே இடம்பெறுகின்றன. ஆண்டுதோறும் விதைத்து அறுக்கும் பயிர்களுக்கென எழுந்த பட்டியல் அது. ரப்பர் இல்லை, செம்பனையும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் நம்மை முந்திய தாய்லாந்துக்கும் இக்குறை பொருந்தும். ஆயினும் அங்கே நெல்லே பெரும்பயிர். இங்கோ செம்பனை மட்டும் 55 இலட்சம் ஹெக்டருக்கு மேல்! ஆகவே இந்த விடுபாடு நம் தொகையைத்தான் மிகுதியாகச் சிறுத்துக் காட்டுகிறது. நிரைகளுக்கிடையே நாம் அடுக்கிவைக்கும் செம்பனை மட்டைகளும், பால்மரத்தடியில் மட்கும் சருகும், இளங்கன்றுகளுக்கிடையே படரவிடும் அவரையினக் கொடிகளும் மண்ணுக்குத் தரும் தழைச்சத்து அந்த ஒப்பீட்டில் ஒரு கிராம்கூடச் சேர்க்கப்படவில்லை.