கண்ட நிலையும் விட்ட நிலையும்

நுழையும்முன்

அளக்கும் கருவியும் பிழைபடும். நாள்தோறும் உழைக்கும் கருவி சிறிது சிறிதாகத் தன் அளவிலிருந்து விலகுகிறது. அவ்விலகல் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் கண்டறிந்து எழுதிவைக்கும் பணி முன்பு குறிப்பேடுகளில் நடந்தது. இன்று பராமரிப்பு மேலாண்மை மென்பொருளில் நடக்கிறது. அந்த மென்பொருளில் எதை, எந்த முறையில் பதிவது என்பதைப் பால் பதப்படுத்தும் நிலையத்தின் வெப்பமானி ஒன்றைக்கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

பழுதுபடாத ஆடி

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் முதன்மை ஆடியின் விட்டம் 2.4 மீட்டர். மண்ணிலிருந்து காண இயலாத தொலைவுகளைக் காட்டும் என்று உலகம் காத்திருந்தது. வந்த படங்களோ தெளிவின்றி இருந்தன. ஆராய்ந்தபோது, ஆடியின் விளிம்பு இருக்கவேண்டியதைவிட ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாக அமைந்துவிட்டது தெரியவந்தது. தலைமுடியின் தடிப்போடு ஒப்பிட்டாலும் இது மிகச் சிறிய அளவே.

ஆடியைத் தேய்த்து மெருகேற்றியவர்களின் கைத்திறனில் குறையில்லை. அளவுக்கருவி காட்டிய வடிவத்திற்கு அவர்கள் அதை மிக நுட்பமாகவே உருவாக்கியிருந்தனர். கருவி காட்டிய வடிவந்தான் தவறு. அக்கருவிக்குள் இருந்த வில்லை ஒன்று, தனக்குரிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் விலகிப் பொருத்தப்பட்டிருந்தது. வேறு இரு சோதனைக் கருவிகள் ஆடியில் பிழை இருப்பதை முன்பே காட்டியிருந்தன. அவை நுட்பம் குறைந்தவை எனக் கருதப்பட்டதால், அவற்றின் சான்று ஏற்கப்படவில்லை.

இக்கதையில் பலரும் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்று உண்டு. ஆடி உருவாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்பும், பிழை செய்த அந்தக் கருவி கலைக்கப்படாமல் பழைய நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே வில்லையின் விலகலை நேரடியாக அளந்தறிய முடிந்தது. ஆடியின் பிழை எவ்வளவு என்பது உறுதியானது. அதை ஈடுசெய்யும் ஒளியியல் அமைப்புகள் வடிவமைக்கப்பட்டு, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்களால் பொருத்தப்பட்டன. இடையில் எவரேனும் நல்லெண்ணத்தோடு அக்கருவியைச் சரிசெய்து வைத்திருந்தால், பிழைக்கான முதன்மைச் சான்று மறைந்திருக்கும்.

சொல்லில் உள்ள சிக்கல்

ஒரு கருவி காட்டும் அளவை, அதனினும் நம்பத்தகுந்த படித்தரக் கருவி காட்டும் அளவோடு ஒப்பிட்டு, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே அளவுத்திருத்தம். இச்சொல்லில் உள்ள 'திருத்தம்' என்னும் பகுதி சற்றே வழிமாற்றக்கூடியது. ஒப்பிட்டு அறிவது ஒரு செயல். திருகைத் திருகியோ எண்ணை மாற்றியோ கருவியைச் சரிசெய்வது வேறொரு செயல். முன்னது எப்போதும் நிகழவேண்டும். பின்னது தேவைப்பட்டால் மட்டுமே நிகழும். கலைச்சொல்லைக் கேட்டவுடன் 'கருவியைச் சரிசெய்வது' என்று புரிந்துகொள்ளும் பணியாளர், ஒப்பிடுவதற்கு முன்பே கையைத் திருகின்மீது வைத்துவிடுகிறார். அளவுத்திருத்தப் பதிவுகளில் காணப்படும் குறைகளுள் பெரியது இதிலிருந்தே தொடங்குகிறது.

எனவே ஒவ்வோர் அளவுத்திருத்தப் பதிவிலும் இரண்டு எண்கள் இருத்தல் வேண்டும். கைவைப்பதற்கு முன் கருவி எதைக் காட்டியது என்பது 'கண்ட நிலை'. பணி முடிந்து கருவியை விட்டு நீங்கும்போது அது எதைக் காட்டியது என்பது 'விட்ட நிலை'. சரிசெய்ய வேண்டிய தேவை எழாதபோது இரண்டிலும் ஒரே எண் இடம்பெறும். அப்போதும் இரண்டையும் எழுதுவதே முறை.

வெப்பமானிக்கு ஓர் அட்டை

பாலை 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நொடிகள் வைத்திருந்து உடனே குளிர்விப்பது பதப்படுத்தும் முறைகளுள் ஒன்று. வெப்பம் குறைந்தால் நோய்க்கிருமிகள் எஞ்சிவிடும். அவ்வாறு குறையும் நேரத்தில் பாலை முன்செல்ல விடாமல் திருப்பியனுப்பும் தானியங்கி வால்வு ஒன்று குழாயில் உண்டு. அந்த வால்வுக்குத் தானாக எதுவும் தெரியாது. வெப்பமானி சொல்வதையே அது நம்புகிறது. வெப்பமானி உண்மையைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டினால், வால்வு அந்தப் பொய்க்கும் கட்டுப்படும். காலையில் பால் வாங்கும் தாய்க்கு, நிறத்திலோ சுவையிலோ எந்த வேறுபாடும் தெரியாது.

இந்த வெப்பமானியை மென்பொருளில் சேர்ப்பதே முதற்பணி. பதப்படுத்தும் இயந்திரத்தை மட்டும் பதிந்துவிட்டு, வெப்பமானியை அதன் உறுப்பாகக் கருதி விட்டுவிடுவது பல இடங்களில் நிகழும் தவறு. வெப்பமானிக்கெனத் தனி அட்டை வேண்டும். அவ்வாறு அட்டை அமைக்கும்போது, இடத்திற்கு ஓர் எண்ணும் கருவிக்கு ஓர் எண்ணும் தனித்தனியே தருதல் நலம். இன்று இயந்திரத்தில் இருக்கும் வெப்பமானி நாளை பழுதுபார்க்கக் கழற்றப்படலாம். அதன் இடத்தில் வேறொன்று வரலாம். கழற்றப்பட்டது சில திங்கள் கழித்து மற்றொரு கலத்தில் பொருத்தப்படலாம். இரண்டுக்கும் ஒரே எண் இருந்தால், புதிய கருவி பழைய கருவியின் வரலாற்றைச் சுமந்து நிற்கும். யாருடைய மருத்துவக் குறிப்பையோ வைத்துக்கொண்டு வேறொருவருக்கு மருந்து தருவதைப் போன்றது அது.

அட்டையில் கருவியின் தொடர் எண், அளக்கும் எல்லை, மீச்சிற்றளவு ஆகியன இடம்பெறும். இவை எளியவை, கருவியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிந்தித்து எழுதவேண்டியது, ஏற்கத்தக்க விலகல் எவ்வளவு என்பதே. உற்பத்தியாளரின் விளக்கக் கையேட்டிலிருந்து அந்த எண்ணை அப்படியே எடுத்தெழுதுவது எளிது. ஆனால், அதை முடிவுசெய்ய வேண்டியது கையேடன்று, பால். எவ்வளவு விலகல்வரை பால் பாதுகாப்பாக இருக்கும் என்று கணித்தபின், எடுத்துக்காட்டாக ±0.5 டிகிரி என அந்த எல்லையை எழுதலாம். எந்தெந்த வெப்பநிலைகளில் ஒப்பிடுவது என்பதும் அவ்வாறே. பூச்சியத்திலும் நூறிலும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு 72இல் பயன்படுத்துவதில் பொருளில்லை. 60, 72, 80 ஆகிய மூன்று புள்ளிகளைக் குறித்துவைத்தால், வேலை நடக்கும் இடமும் அதன் இருபுறமும் அடங்கிவிடும்.

அடுத்து, கால இடைவெளி. ஆறு திங்களுக்கு ஒருமுறை எனத் தொடங்கலாம். பணி நடந்த நாளும், அது மென்பொருளில் பதியப்பட்ட நாளும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும்; ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் அடுத்த தவணை நாள் பிழையாகும்.

'சரி' என்னும் சொல்

நாள் வந்ததும் மென்பொருள் பணியாணை ஒன்றை உருவாக்கும். அதை முடிப்பதற்கான படிவத்தில் 'சரி', 'தவறு' என்னும் இரு கட்டங்களை மட்டும் வைத்துவிடுவது அமைப்பவருக்கும் எளிது, நிரப்புபவருக்கும் எளிது. ஆயினும் அத்தகைய படிவம் ஏறத்தாழ வெற்றுத்தாளே. படித்தர வெப்பமானி 72.0 காட்டியபோது, நம் வெப்பமானி முதன்முறை 72.1 எனவும், ஆறு திங்கள் கழித்து 72.3 எனவும், மேலும் ஆறு திங்கள் கழித்து 72.4 எனவும் காட்டியதாகக் கொள்வோம். ±0.5 என்னும் எல்லைக்குள் மூன்றுமே அடங்கும். கட்டங்கள் மட்டும் உள்ள பதிவில் 'சரி' என்னும் சொல் மும்முறை இருக்கும். எண்களை எழுதிய பதிவோ, இந்தக் கருவி ஒரே திசையில் நகர்கிறது, அடுத்தமுறை எல்லையைத் தாண்டக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும்.

ஆகவே, படிவத்தில் எண்களுக்கே இடம் தரவேண்டும். கண்ட நிலையின் எண்கள் சேமிக்கப்படும்வரை விட்ட நிலையின் கட்டம் திறக்காதவாறும், இரண்டும் நிரம்பாமல் பணியாணை முடிவுறாதவாறும் மென்பொருளை அமைத்தல் வேண்டும். பதிந்த எண்ணில் எழுத்துப்பிழை நேர்ந்தால் திருத்தலாம். ஆனால், பழைய எண் அழியாமல், யார், எப்போது, ஏன் மாற்றினார் என்னும் விவரத்தோடு அடியில் நிற்கவேண்டும்.

சான்று தரும் சங்கிலி

ஒப்பிடப் பயன்பட்ட படித்தர வெப்பமானி எது என்பதும் பதிவில் இருத்தல் கட்டாயம். அதுவும் ஒரு கருவியே. அதற்கும் தனி அட்டை, தனித் தவணை நாள், தனிச் சான்றிதழ் வேண்டும். தவணை கடந்த படித்தரக் கருவியின் எண்ணை உள்ளிட்டால் மென்பொருள் ஏற்க மறுக்கவேண்டும். படித்தரக் கருவி, சோதிக்கப்படும் கருவியைவிட நான்கு மடங்கேனும் துல்லியமானதாக இருப்பது நடைமுறையில் பின்பற்றப்படும் ஒரு நெறி. அந்தப் படித்தரக் கருவி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் ஒப்பிடப்படுகிறது. ஆய்வகத்தின் கருவி அதனினும் உயர்ந்ததோடு ஒப்பிடப்படுகிறது. இவ்வாறு ஏறிச்செல்லும் சங்கிலி, இந்தியாவைப் பொறுத்தவரை, நாட்டின் அளவுப் படித்தரங்களைப் பேணும் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தை அடைகிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும், கீழே உள்ள எண்ணுக்குச் சான்று இல்லை.

தெரிந்து தெளிவோம்

தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோவிலுக்கு அளிக்கப்பட்ட பொன்னின் எடையைச் சொல்வதோடு நிற்பதில்லை. 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லால் அது நிறுக்கப்பட்டது என்பதையும் சொல்கின்றன. நெல்லை அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். அம்மரக்கால் 'இராசகேசரி' என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்றும் குறிக்கப்பட்டுள்ளது. அளவோடு அளந்த கருவியின் பெயரும், அக்கருவி எதனோடு ஒத்தது என்னும் செய்தியும் சேர்ந்து கல்லில் நிற்கின்றன.

எல்லை தாண்டிய நாள்

மீண்டும் வெப்பமானிக்கு வருவோம். ஒருநாள் படித்தரக் கருவி 72.0 காட்டும்போது அது 73.2 காட்டுகிறது எனக் கொள்வோம். விலகல் 1.2 டிகிரி. அப்படியானால் அது 72 எனக் காட்டிய வேளைகளில் பாலின் உண்மையான வெப்பம் ஏறத்தாழ 70.8 டிகிரியே. திருகைத் திருப்பினால் சில நிமிடங்களில் கருவி சரியாகிவிடும். சரியாகாதது, கடந்துபோன நாள்கள். எப்போது எல்லை தாண்டியது என்று கருவி சொல்லாது. கடந்தமுறை ஒப்பிட்டபோது எல்லைக்குள் இருந்தது என்பது மட்டுமே உறுதி. அன்றுமுதல் இன்றுவரை அந்தக் குழாய்வழியே சென்ற ஒவ்வொரு தொகுதிப் பாலும் ஐயத்திற்குரியதாகிறது.

கண்ட நிலை எல்லைக்கு வெளியே பதியப்பட்டவுடன், எவரும் கேட்காமலே விசாரணைப் பணியாணை ஒன்று திறக்கும்படி மென்பொருளை அமைக்கலாம். இடைப்பட்ட நாள்களின் தொகுதி எண்கள் அதில் பட்டியலாக வரவேண்டும். பிறகு நடப்பது துப்பறியும் வேலை. பாலில் இயல்பாக உள்ள பாஸ்பட்டேஸ் என்னும் நொதி, பால் முறையாகப் பதப்படுத்தப்படும்போது செயலிழக்கும். எனவே, ஆய்வகத்தில் செய்யப்பட்ட பாஸ்பட்டேஸ் சோதனையின் முடிவுகள் அந்த நாள்களின் பாலுக்குச் சாட்சியாகும். அருகிலுள்ள இரண்டாவது வெப்பமானியின் பதிவுகளும் துணைநிற்கும். இவை பாலைக் குற்றமற்றது எனக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். கிடங்கில் எஞ்சியுள்ளதை நிறுத்திவைப்பதா, விற்றதைத் திரும்பப் பெறுவதா என்னும் முடிவு அந்தச் சான்றுகளைப் பொறுத்தது.

இத்தனையும் ஒரு பணியாளர் 73.2 என்று எழுதியதால் விளைந்தவை. அவர் முதலில் திருகைத் திருப்பிவிட்டு, இரு கட்டங்களிலும் 72.0 என்று நிரப்பியிருந்தால் பதிவு அழகாக இருந்திருக்கும், கேள்வியும் எழுந்திராது. மென்பொருள் எவ்வளவு கட்டுப்பாடுகளோடு அமைந்தாலும், தட்டச்சாகும் எண் கண்ட எண்தானா என்பதை அதனால் அறிய இயலாது. 73.2 என்று எழுதியவரைப் பார்த்து, "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று மேலாளர் சினந்தால், அடுத்த தவணையிலிருந்து அந்நிலையத்தின் எல்லாக் கருவிகளும் 72.0 காட்டத் தொடங்கும். விலகியது கருவி, எழுதியவர் அல்லர். இந்த வேறுபாட்டை நிருவாகம் முதலில் கற்றுக்கொள்ளாதவரை, மென்பொருளுக்குச் செலவிட்ட பணம் வீணே.

விசாரணை முடிந்தபின் அட்டையில் மாற்றம் ஒன்று செய்யப்படும். ஆறு திங்கள் என்றிருந்த இடைவெளி மூன்று திங்கள் ஆகும். 'காரணம்' என்னும் கட்டத்தில், எல்லை தாண்டிய பதிவின் எண்ணும் நாளும் எழுதப்படும். சில ஆண்டுகள் கழித்துப் பொறுப்பேற்கும் புதிய பணியாளர், இந்த வெப்பமானிக்கு மட்டும் ஏன் மூன்று திங்கள் என்று வினவும்போது, அட்டையே அவருக்கு விடை சொல்லும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பகுதி நியாயவிலைக் கடையின் எடைக்கருவியில் உள்ள அரசு முத்திரையை நோக்கி, அதிலிருந்து அறியக்கூடிய செய்திகளைத் தொகுத்து வகுப்பில் எடுத்துரைக்க.

பள்ளி ஆய்வகத்தின் வெப்பமானிகள் நான்கினை ஒரே நீரில் வைத்து, அவை காட்டும் அளவுகளைக் கண்டவாறே அட்டவணைப்படுத்துக.