தாய்வழிச் சீதனமாக வந்த பற்றீரியா

கோடை விடுமுறைக் காலத்தில், காற்றில்லாத வெப்பமான சில நாட்களுக்குப் பின் டென்மார்க்கின் ஏரிகளில் பச்சைச் சாயம் ஊற்றியது போல ஒரு படலம் மிதப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். இதனை நீலப்பச்சை அல்கா என்பர். டெனிஷ் மொழியிலும் அதே பொருள் தரும் பெயர்தான். பெயர் அல்காவாக இருந்தாலும் இவை உண்மையில் பற்றீரியாக்கள். சயனோபற்றீரியா என்பது சரியான பெயர். இவற்றுள் சில நஞ்சை உண்டாக்கும். முழங்காலளவு நீரில் நின்று பாதங்களைக் காண முடியாவிட்டால் அங்கு குளிக்க வேண்டாம் என்பது இந்நாட்டில் சொல்லப்படும் எளிய விதி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்போம்.

எனினும் இவற்றை வெறும் நஞ்சென்று தள்ளிவிட முடியாது. நெல் வயலில் மிதக்கும் அசோலா என்ற சிறு நீர்ப்பன்னத்தின் இலைக்குள் குடியிருந்து, காற்றிலுள்ள நைதரசனைப் பசளையாக்கித் தருவதும் இவ்வினமே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் தேசிகாச்சாரி 1959 இல் இவற்றைப் பற்றி எழுதிய பெருநூல் உலகெங்கும் பயன்பட்டது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன். அதுவும் இவற்றின் வேலையே.

இனி வியப்பான செய்திக்கு வருவோம். இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிகள், ஒரு காலத்தில் வேறொரு கலத்தினுள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட சயனோபற்றீரியாக்கள். நமது கலங்களில் உணவிலிருந்து சக்தியை எடுத்துத் தரும் இழைமணிகளும் அவ்வாறே, வேறொரு பற்றீரியா இனத்திலிருந்து வந்தவை. அமெரிக்க அறிஞர் லின் மார்குலிஸ் 1967 இல் இதை எழுதியபோது பலர் ஏற்கவில்லை. ஆனால் இழைமணிக்கெனத் தனியாக ஒரு டீ.என்.ஏ. இருக்கிறது, அது பற்றீரியாவினுடையதைப் போல வளைய வடிவானது. மனிதரில் 16,569 எழுத்துக்களும் 37 பரம்பரையலகுகளும் கொண்டது. இழைமணிகள் பற்றீரியாவைப் போலவே பிரிந்து பெருகுகின்றன. இவ்வளவு சான்றுகள் வந்தபின் மறுப்பார் இல்லை.

இந்த டீ.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தின் பழைய தேசவழமையில் தாயின் சீதனம் மகள்மாருக்குப் போனதை நினைத்தால் விளங்கும். ஒரு வேறுபாடு: இங்கே மகனுக்கும் பங்கு உண்டு, ஆனால் அவன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

விதிவிலக்கும் நமது நாட்டிலேயே கிடைத்தது! 2002 இல் கொப்பன்ஹேகன் றிக்ஸ்ஹொஸ்பிற்றலைச் சேர்ந்த மரியன் சுவார்ட்ஸ், ஜோன் விஸ்ஸிங் இருவரும் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினர். சிறிது ஓடினாலும் களைத்துப்போவது அவருக்குப் பிறவியிலிருந்தே இருந்த குறை. அவரது தசையிலிருந்த இழைமணி டீ.என்.ஏ.யில் சுமார் 90 வீதம் தந்தையினுடையது; இரத்தத்தில் இருந்ததோ தாயினுடையது. பின்னர் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்தும் இப்படி ஒன்று தென்படவில்லை என்பதால், மருத்துவர்கள் பொது விதியையே இன்றும் பின்பற்றுகின்றனர்.

இது நமது குடும்பங்களுக்கு ஏன் முக்கியம்? நீரிழிவு நம்மவரிடையே அதிகம். அதனால் ஒருவருக்கு நீரிழிவு என்றால் வேறு காரணம் தேடுவதில்லை. ஆனால் அம்மா, அம்மம்மா, மாமன், பெரியம்மா என்று தாய்வழியில் நீரிழிவும் காது மந்தமும் சேர்ந்து வருமானால், அது இழைமணி டீ.என்.ஏ.யில் ஏற்பட்ட ஒரு மாற்றமாக இருக்கலாம். அதற்கு மருந்து தெரிவதும் வேறுபடும். இன்னொரு மாற்றம் உள்ளவர்களுக்கு ஜென்ராமைசின் போன்ற ஊசி மருந்துகள் கேள்விப் புலனையே கெடுத்துவிடும்.

வைத்தியர் குடும்ப நோய்களைப் பற்றிக் கேட்கும்போது, கலியாணம் பேச இடைஞ்சலாகுமென்று "ஒன்றுமில்லை" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிச் சென்றால் இன்னும் மறைப்போம். இதனால் இழப்பது பேரப்பிள்ளைகளே. தாயைக் குறை சொல்வதும் தகாது. அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததல்ல இது. இழைமணி நோய்களில் ஒரு பகுதி கருவிலுள்ள பரம்பரையலகுகளாலும் வரும். அவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருபவை.

தாய்வழியில் இளவயதிலேயே காது கேளாமற் போனவர்கள் யார், எந்த வயதில், ஏதேனும் ஊசி போட்ட பின்னரா என்பதை ஊரிலுள்ள மூத்தோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் குடும்ப வைத்தியரிடம் கொடுக்கலாம். தேவையென்று கண்டால் அவரே பரம்பரை நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்.